பெட்டி பொரிந்த வீடு

தேன் சீசா பொரிந்தது.

புரோகிப் லூகிச்சுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சந்தையில் முகம் தெரியாத ஒருத்தியிடம் வாங்கிய தேன், எந்தக் காட்டுப் பூவிலிருந்து வந்ததோ. கதிர்வீச்சு அளக்கும் கைகர் பெட்டியின் குழலைச் சீசாவுக்குப் பக்கத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டதுமே, காதில் மாட்டியிருந்த குமிழில் சோளம் பொரிவதுபோல் படபடவென்று சத்தம். கண்ணாடிக்குள் முள் எழுந்து நின்றது. "பாத்தியா நோன்னா, அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று மனைவியைக் கூப்பிட வாயெடுத்தவர், என்ன தோன்றியதோ, கூப்பிடவில்லை. குழலைச் சீசாவை விட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். சத்தம் குறையவில்லை.

ரொட்டிமேல் காட்டினார். பொரிந்தது. உப்புக் கிண்ணத்தில் காட்டினார். அதுவும் பொரிந்தது. தன் உள்ளங்கையில் காட்டினார். கடைசியில் சமையலறையின் நடுவே, வெறும் காற்றில் நீட்டிப் பார்த்தார். காற்றும் பொரிந்தது.

அப்போதுதான் குழலின் கழுத்தில் இருந்த வளையத்தைப் பார்த்தார். அது மூன்றாம் நிலையில் இருந்தது.

அந்த வளையத்துக்கு மூன்று நிலைகள். முதல் இரண்டும் அளப்பதற்கு. மூன்றாவது, பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வளையத்துக்குள் கடுகளவு கதிர்ப்பொருளை வைத்தேதான் தொழிற்சாலையில் செய்து அனுப்புவார்கள். மூன்றாம் நிலைக்குத் திருப்பினால் அந்தக் கடுகு குழலின் ஜன்னலுக்கு நேரே வந்து நிற்கும், முள் எழும், நீங்களும் திருப்தியாகத் திரும்ப முதல் நிலைக்குக் கொண்டுபோய்விடுவீர்கள். மறந்துவிட்டால், எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டி தன்னைத்தானே அளந்து கத்திக்கொண்டிருக்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடத்துகிற முதல் பாடம். இருபத்தாறு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியவர் புரோகிப் லூகிச்.

கடைசியாகப் பெட்டியை எங்கே திறந்தோம் என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினாறு நாளைக்கு முன்னால், நாலாம் மாடியில், மோத்ரியா தனிலிவ்னாவின் வீட்டில். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காது இரண்டும் சுட்டன. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குக் காது சுடுகிறது என்றால், அது வெட்கத்தைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்?

அந்தப் பெட்டி அவருக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. பள்ளிக்கூடத்தில் சிவில் பாதுகாப்பு வகுப்பை மூடியபோது, விஷவாயு முகமூடிகளைக் குப்பைக்கு அனுப்பினார்கள், பெட்டியை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பல வருஷம் அது அலமாரியில் தூங்கியது. இந்த வருஷம் கோடையில் ஏதோ ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பழைய வீட்டுச் சாமான்களில் கதிர்வீச்சு இருக்கலாம் என்று காட்டித் தொலைத்தார்கள். மறுநாளே வாசல் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் லூகிச்சின் ஞாபகம் வந்துவிட்டது. அணு உலை வெடித்த எண்பத்தாறில் செர்னோபிலுக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் ஆறு வாரம் நின்று வண்டிகளை அளந்தவர் ஆயிற்றே.

ஞாயிறு தோறும் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். ஒரு வீட்டில் இருட்டில் பச்சையாக ஒளிரும் முள்ளுள்ள அலாரம் கடிகாரம் பொரிந்தது. இன்னொரு வீட்டில் பச்சைக் கண்ணாடிச் சர்க்கரைக் கிண்ணம் லேசாக முனகியது, "இது ஒண்ணும் பண்ணாது, அழகுக்கு வச்சுக்குங்க" என்றார். போன இடமெல்லாம் ஆப்பமும் ஜாமும். ஒரு காதுக்குமிழை வெளியே திருப்பிப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்வார். அதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம், மறைக்க முடியாத சந்தோஷம். ஒரே ஒரு கஞ்சத்தனம் மட்டும் உண்டு. அந்தப் பெட்டிக்கான பேட்டரி எங்கும் கிடைப்பதில்லை என்பதால், குழலைப் பொருளின் பக்கத்தில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார், எடுப்பதற்கு முன்னால் அணைத்துவிடுவார்.

மோத்ரியாவின் வீட்டுக்குப் போகும்படி அவரைத் தள்ளியது கீழ்வீட்டு சோயா கார்ப்பிவ்னா. கட்டிடச் சங்கத்துக்குத் தலைவி, அந்தப் படிக்கட்டுக்கே தான்தான் சொந்தக்காரி என்று நினைப்பு.

"எல்லா வீடும் பாத்தீங்க, பாக்க வேண்டிய வீட்டை விட்டுட்டீங்களே, லூகிச்! அவ எந்த ஊர்க்காரின்னு மறந்துபோச்சா?"

மோத்ரியா செர்னோபில் பக்கம் காலிசெய்யப்பட்ட கிராமத்திலிருந்து வந்தவள். இந்தக் கட்டிடத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தையல் வேலை. அந்தப் படிக்கட்டில் இருபது வீடு, இருபதிலும் அவள் தைத்த திரைச்சீலை தொங்கியது. இருந்தாலும் "அந்த ஊர்க்காரி" என்ற பேர் மட்டும் போகவில்லை.

"வேண்டாமே" என்றுதான் முதலில் சொன்னாள். "வேண்டாம்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றாள் சோயா. அதற்குப் பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலாம் மாடிக்கு அவர் தனியாகப் போகவில்லை. சோயா, மூன்றாம் மாடி தயிசியா, இன்னும் நாலைந்து பேர். கதவுக்கு வெளியே சோயா ஆரம்பித்தாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி உங்க டப்பாவுக்கு உசுர் இருக்கான்னு பாத்துக்குங்க. அப்புறம் பேட்டரி செத்துப்போச்சு, அதான் ஒண்ணும் காட்டலன்னு சொல்லக் கூடாது."

"என் பெட்டியையா சொல்ற? இப்பப் பாரு."

வளையத்தை மூன்றாம் நிலைக்குத் திருப்பிக் குமிழை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். படபடவென்று வந்த சத்தத்தில் சோயா இரண்டடி பின்வாங்கினாள்.

"ஐயய்யோ! எங்க வீட்டுக்காரர் குறட்டையே தேவல போல!"

எல்லோரும் சிரித்தார்கள். லூகிச்சும் வயிறு குலுங்கச் சிரித்துச் சுவிட்சை அணைத்தார். அந்த நேரம் பார்த்து மோத்ரியா கதவைத் திறந்தாள். ஒருத்தி வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போது அவளே வந்து கதவைத் திறந்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். லூகிச் முகத்தைச் சரிசெய்துகொண்டார். வளையத்தைச் சரிசெய்யவில்லை.

மோத்ரியாவின் கழுத்தில் அளவு நாடா, சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசி. குள்ளமான உருவம். வந்த அத்தனை பேருக்கும் வீட்டுச் செருப்பு எடுத்து வைத்தாள். மேசையில் கசகசா ரொட்டி வெட்டி வைத்திருந்தது.

"முதல்ல டீ குடிங்க, லூகிச்."

"வேலை முடியட்டும்."

தையல் இயந்திரத்தில் தொடங்கினார். பொரிந்தது. பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"அப்படி இருக்காதே" என்றாள் மோத்ரியா. "இது எண்பத்தேழுல எங்க வீட்டுக்காரர் அனுமதி வாங்கி ஊருக்குப் போய் எடுத்துட்டு வந்தது. சாவடியில அளந்து, முத்திரை குத்திச் சீட்டு கொடுத்திருக்காங்க. இதோ இருக்கு."

சீட்டை நீட்டினாள். லூகிச் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"அந்த முத்திரை எப்படிக் குத்துவாங்கன்னு எனக்குத் தெரியும், மோத்ரியா தனிலிவ்னா. நானே அங்க நின்னவன். ஒரு பாட்டில் கொடுத்தா மாட்டு வண்டிக்கும் குத்துவாங்க."

அவள் சீட்டை நாலாக மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தாள். "சரி. நீங்க படிச்சவங்க" என்றாள்.

சுவர்க் கம்பளம் பொரிந்தது. தலையணை பொரிந்தது. குளிர்கோட்டு பொரிந்தது. பாதி தைத்து வைத்திருந்த தயிசியா மகளின் பள்ளிக்கூட கவுனும் பொரிந்தது. "அது என் பொண்ணு போடறது!" என்று அலறிவிட்டாள் தயிசியா. சாயங்காலத்துக்குள் குப்பைத் தொட்டிப் பக்கம் அவள் தைத்துக் கொடுத்த திரைச்சீலைகளும் பாவாடைகளும் மலையாகக் குவிந்துவிட்டன. நோன்னாவும் தன் நீலப் பாவாடையைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

கம்பளமும் தலையணையும் கோட்டும் நகராட்சிக் குப்பை லாரியில் ஏறின. இயந்திரத்தை மட்டும் விதிப்படி இரண்டு சுற்று பாலித்தீனில் சுற்றி, கராஜுகளுக்குப் பின்னால் குழி வெட்டி லூகிச்சே புதைத்தார். கனமான பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை மோத்ரியா பிடித்துக்கொண்டு வந்தாள். மண்ணைத் தள்ளும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆழம் போதுமா, லூகிச்? பிள்ளைங்க விளையாடற இடம்."

இப்போது சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. மறதி யாருக்கும் வரும். மறதிக்காக அவர் காது சுடவில்லை. சோயாவின் வீட்டில் தலையணையும் கோட்டும் கம்பளமும் வரிசையாகப் பொரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்? "இரு, பெட்டியில ஏதோ கோளாறு" என்று முதலில் வளையத்தைத்தான் பார்த்திருப்பார். மோத்ரியாவின் வீட்டில் பெட்டிமேல் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. பொரியும் என்று எதிர்பார்த்துக்கொண்டே படி ஏறியிருக்கிறார். சோயாவை வம்புக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, சோயாவின் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை மண்வெட்டியும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியுமாகக் கராஜுகளுக்குப் பின்னால் போனார். மழை பெய்து மண் ஊறியிருந்தது. பாலித்தீனைப் பிரித்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வளையத்தை முதல் நிலைக்குத் திருப்பிக் குழலை நீட்டினார். எங்கேயும் கேட்பதுபோல் எப்போதாவது ஒரு சொடக்கு, அவ்வளவுதான். அந்த மண்மேட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, "அடப்பாவி" என்று தன்னையே சொல்லிக்கொண்டார்.

உண்மையைச் சொல்வது என்றுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில், பெஞ்சில், சோயா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன லூகிச், புதைச்சதைத் தோண்டிட்டீங்களா? எங்களை வாழ விடற எண்ணம் இல்லையா?"

"சுத்தம் பண்ணிட்டேன்" என்றது அவர் வாய். "ராணுவத்துல சொல்லிக்கொடுத்த முறை. இப்ப முள்ளு அசையல."

"அடேயப்பா! கையா அது, தங்கம்! அவளுக்கு இவ்வளவு செய்யணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து? நல்ல மனசு உங்களுக்கு!"

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாராட்டு வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவது கொடுமை.

மோத்ரியா இயந்திரத்தைப் பார்த்ததும் ஓடிவந்து அதன் சக்கரத்தில் கை வைத்தாள். பிறகு ஊசிக்கம்பியின் பக்கம் விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எதை வச்சு சுத்தம் பண்ணீங்க, லூகிச்?"

"சோடாத் தண்ணி. அப்புறம் சோப்பு. ரெண்டு மூணு தடவை."

"ஓ." விரலைத் துணியில் துடைத்தாள். "நீங்க வந்த அன்னைக்குக் காலையிலதான் எண்ணெய் போட்டிருந்தேன். அப்படியே இருக்கு."

அவருக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவளோ அடுப்பில் கெட்டிலை வைத்தாள். டீ கொடுத்தாள். அவரும் குடித்தார். அதுதான் பிறகு நினைத்தபோதெல்லாம் அவரைச் சுட்டது, அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வந்தது.

இயந்திரம் திரும்பிவிட்டது, தையல்தான் திரும்பவில்லை. ஒருவரும் ஒரு முழத் துணிகூட எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போகவில்லை. "சுத்தம் பண்ணிட்டாங்கன்னா, முன்னாடி அழுக்கா இருந்துதுன்னுதானே அர்த்தம்?" என்று தயிசியா படிக்கட்டில் யாரிடமோ சொல்வது அவர் காதில் விழுந்தது. கணக்குச் சரிதானே! அவர் பொய் அவரைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை, அவள்மேல் இன்னொரு முத்திரையும் குத்திவிட்டது. பெஞ்சில் மோத்ரியா வந்து உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பீட்ரூட் சூப்பை ஊற்றிக்கொண்டே நோன்னா சொன்னாள்:

"மோத்ரியா கை நடுங்குது, கவனிச்சீங்களா? கடையில ரொட்டி வாங்கறப்ப பாத்தேன். பாவம், அந்தக் கதிர்தான் உள்ள போய் வேலை செய்யுது."

லூகிச் கரண்டியை வைத்துவிட்டார். "கதிர் இல்ல" என்றார்.

"பின்ன?"

"நாங்கதான்" என்று சொல்ல நினைத்தார். "எனக்குப் பசி இல்ல" என்று சொல்லி எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோஸ் லாரி வந்தது. அக்டோபரில் அது வந்தால் கட்டிடமே கீழே இறங்கிவிடும், குளிர்காலத்துக்கு ஊறுகாய் போட வேண்டுமே. முற்றம் முழுக்கப் பச்சை மலை, பெண்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். லூகிச் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். சாவடியில் நின்ற ஆறு வாரத்திலும் அவர் இப்படிப் பயந்ததில்லை.

"வாங்க வாங்க! கோஸையும் அளந்துடுங்க!" என்றாள் சோயா.

"அளக்கத்தான் வந்தேன். எல்லாரும் கொஞ்சம் பக்கத்துல வாங்க."

வளையத்தை மூன்றாம் நிலைக்குத் திருப்பி, குழலை முட்டைக்கோஸ்மேல் வைத்து, சுவிட்சைப் போட்டார். பொரிந்தது. தயிசியா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். குழலைப் பெஞ்சில் வைத்தார், சோயாவின் தோளில் வைத்தார், தன் நெற்றியில் வைத்தார். எல்லாம் பொரிந்தன. பிறகு வளையத்தை முதல் நிலைக்குத் திருப்பினார். அமைதி.

"இதான் நடந்தது. மோத்ரியா தனிலிவ்னா வீட்ல நான் வளையத்தைத் திருப்ப மறந்துட்டேன். கத்தினது பெட்டி, அவங்க சாமான் இல்ல. அவங்க வீட்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இல்ல. சுத்தம் பண்ணினேன்னு சொன்னேனே, அதுவும் பொய். சுத்தம் பண்ண அங்க ஒண்ணுமே இல்ல." மூச்சு வாங்கியது. "தப்பு என்னோடது. எல்லாரும் என்னைக் கேட்க வேண்டியதைக் கேளுங்க."

துப்புவார்கள் என்று நினைத்தார். பெட்டியைப் பிடுங்கித் தரையில் அடிப்பார்கள் என்றும் நினைத்தார், அப்படி நடந்தால் நல்லது என்றுகூட நினைத்தார். சோயாவோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நானும் பொரிஞ்சேனா! ஐயோ, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்!"

சிரிப்பு முற்றம் முழுக்கப் பரவியது. "வயசானா மறதி வராதா என்ன?" என்றாள் ஒருத்தி. "எங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க, லூகிச். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் தயிசியா. "என் புதுத் திரைச்சீலை போச்சே, அதை யாரு தருவா?" என்று சோயா முகத்தைச் சுளித்துவிட்டு, உடனே அவர் முதுகில் தட்டினாள். "போகட்டும் விடுங்க. எதுக்கும் ஜாக்கிரதையா இருந்துக்கிட்டது நல்லதுதானே?" இருப்பதிலேயே பெரிய முட்டைக்கோஸாகப் பார்த்து எடுத்து அவர் கையில் வைத்தாள். அத்தனை பேரும் கோஸ் பொறுக்கத் திரும்பிவிட்டார்கள். நாலாம் மாடியை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அங்கே ஜன்னல் திறந்திருந்தது.

லூகிச் படி ஏறினார். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே அது திறந்தது.

"கேட்டுச்சு" என்றாள் மோத்ரியா. கழுத்தில் நாடா இல்லை, காலரில் குண்டூசி இல்லை. "ஜன்னல்கிட்டதான் நின்னேன்."

"முதல்ல உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். அந்தச் சீட்டை நான் கையில வாங்கிப் பாத்திருக்கணும். உங்களைப் பாக்க எனக்கு முகமே இல்ல, மோத்ரியா தனிலிவ்னா."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, போகட்டும் என்றா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தரும் கோபப்படல. மன்னிச்சுட்டாங்க."

"உங்களையா?"

"ஆமா."

"நல்லது, லூகிச்." அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே முற்றத்தில் சோயாவின் சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மோத்ரியா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கோபமே இல்லாமல், விலாசம் விசாரிப்பதுபோல் கேட்டாள்:

"என்னை எப்ப மன்னிப்பாங்களாம்?"

புரோகிப் லூகிச் கையிலிருந்த முட்டைக்கோஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.